இறந்தபின் கொடுத்த நூற்றுப் பதினான்கு அனுமதிகள்

அப்பா இறந்த ஒன்பதாம் நாள், காலை ஒன்பது மணிக்கு அவருடைய கைப்பேசி சாப்பாட்டு மேசையில் அதிர்ந்தது. மகள் எட்டிப் பார்த்தாள். திரையில் ‘அவசரம்’ என்று இருந்தது.

அது ஒரு மனிதரின் பட்டப்பெயர். அலுவலகத்தில் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர், நாற்பது வயதுக்காரர். எழுதுகிற விண்ணப்பம் ஒவ்வொன்றின் தலையிலும் ‘அவசரம்’ என்று போடுவார். சர்வர் நின்றுபோனாலும் அவசரம், நாற்காலியில் ஒரு சக்கரம் கழன்றாலும் அவசரம். அப்பா அவரை அப்படியே பதிந்து வைத்திருந்தார்.

“தங்கச்சி, நான்தாம்மா. அம்மா சாப்பிட்டாங்களா? நீ சாப்பிட்டியா? சரி, ஒரு சின்ன உதவி. அப்பா ஃபோன்ல பூட்டுப் படம் போட்ட ஆப் ஒண்ணு இருக்கும் பாரு.”

“இருக்குண்ணா.”

“அதைத் தொறந்தா ஆறு நம்பர் ஓடும். அதை மட்டும் படிச்சுச் சொல்லிடும்மா. முப்பது லாரி வாசல்ல நிக்குது. வண்டிப் பிரிவுக்கு ஒரு அனுமதி கொடுத்தாத்தான் எந்த லாரி எங்க போகணும்னு டிரைவருங்களுக்குத் தெரியும். டிரைவருங்க என் சட்டையைப் பிடிக்காத குறைதான்.”

மகளும் கணினிக்காரிதான். வேறொரு நிறுவனத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவள். அங்கே புதிதாகச் சேர்பவர்களுக்கு வருடத்தில் நான்கு முறை வகுப்பு எடுப்பாள். வகுப்பின் முதல் வாக்கியமே இதுதான்: அந்த ஆறு எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், நானே கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அவள் படித்தாள். “நாலு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு, சைபர், மூணு.”

“உள்ளே போயிடுச்சு! நல்லா இருப்பம்மா நீ!”

கைப்பேசியைத் திறக்கும் எண்ணை அப்பா அம்மாவிடம் ஒரு மூடிய உறையில் கொடுத்து வைத்திருந்தார். உறையின் மேல் ‘நான் இல்லாதபோது’ என்று எழுதியிருந்தது. ஐந்து வருடம் அம்மா அதைப் பிரிக்கவேயில்லை. அவர் சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டவர்கள் அலுவலகத்தில் ஒருவரும் கிடையாது.

*

அப்பா அந்தச் சரக்கு நிறுவனத்தில் குடோன் எழுத்தராகச் சேர்ந்தவர். நாற்பத்தொன்றாம் வயதில், மகளின் பள்ளிக் கணினிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பாடத்தின் முடிவில் இருக்கும் கேள்விகளுக்கும் நோட்டுப் போட்டு விடை எழுதினார். மகள் அந்த வருடம் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வீட்டுப்பாடம் செய்தாள்.

பிறகு நிறுவனம் தன் சொந்தக் கணினிகளை விட்டு, இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிற கிளவுடுக்குப் போனது. போனது என்றால் ஒரே வண்டியில் ஏறிப் போகவில்லை. ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். வண்டிப் பிரிவு தனக்கென்று இரண்டு கணக்கு திறந்தது. குடோன் பிரிவு மூன்று. விளம்பரப் பிரிவு ஒன்பது; முதல் ஏழின் கடவுச்சொல்லை மறந்துவிட்டதால் எட்டாவது, எட்டாவதைத் திறந்தவர் வேலையை விட்டுப் போனதால் ஒன்பதாவது. மொத்தம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அப்பா ஆறு மாதம் மேசை மேசையாக அலைந்து கணக்கெடுத்தார். முப்பத்தேழு வந்தது. அதில் ஒன்றில், நிறுவனத்தின் வாடிக்கையாளர் அத்தனை பேரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உலகத்துக்கே திறந்து கிடந்தன. எட்டு மாதமாக.

கூட்டம் போட்டு அப்பாவைப் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு அந்த வேலையை அவர் தலையிலேயே கட்டினார்கள். எந்தக் கணக்குக்குள் யார் போகலாம், போய் எதைத் தொடலாம், எதுவரை தொடலாம் என்று தீர்மானிக்கிற வேலை. வேறு யாரும் கேட்காத வேலை என்பதால் போட்டியே இல்லை.

அதன்பின் பதினோரு வருடம் அப்பா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “எந்தத் தேதி வரைக்கும்?”

“எப்பவும் வேணும் சார்.”

“எப்பவும்னு காலண்டர்ல தேதி இல்லப்பா. தேதி இல்லாம கொடுத்தா அது அனுமதி இல்ல, தானம். தானம் பண்றதுக்கு இது என் சொத்தா?”

அலுவலகம் அவருக்கு ‘தேதி சார்’ என்று பெயர் வைத்தது. ஒருவருடைய பெயரில் இன்னொருவர் நுழைந்தது தெரிந்தால் அவர் பேசமாட்டார். அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். எழுந்து மன்னிப்புக் கேட்கும்வரை நிற்பார். ஒருமுறை விளம்பரப் பிரிவு மேலாளர் பிடிவாதமாகத் தலையை நிமிர்த்தாமல் வேலை செய்தார். அப்பா ஒன்றே கால் மணி நேரம் நின்றார். நடுவில் டீ வந்தபோது அதையும் அங்கேயே நின்று குடித்தார்.

நிறுவனத்தின் எம்டி ஒருநாள் அவரை அறைக்குக் கூப்பிட்டார். “எல்லாக் கணக்குலயும் எனக்கு முழு அனுமதி வேணும். கம்பெனி என்னோடது.”

“உங்களோடதுதான் சார். அழிக்கிற பட்டன் உங்களுக்கு எதுக்கு சார்?”

“அவசியம்னா அழிப்பேன்.”

“சரி சார்” என்று வெளியே வந்த அப்பா, முப்பத்தேழு கணக்கிலும் எம்டிக்குப் பார்க்கிற அனுமதி மட்டும் கொடுத்தார். எம்டி அதைக் கண்டுபிடிக்க நான்கு வருடம் ஆனது. அதுவரை அவர் ஒரு கணக்கையும் திறக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அம்மாவின் தம்பி வந்து தங்கினால், விருந்தாளிக்கென்று அப்பா உண்டாக்கிய தனி வைஃபை எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார். மூன்றாம் நாள் மாலை அது அறுந்துவிடும்.

“அத்தான், நான் இந்த வீட்டு ஆளுதானே?” என்று மாமா கத்துவார்.

“வியாழக்கிழமை வரைக்கும்” என்பார் அப்பா. “நீ எப்ப கிளம்பறேன்னு சொன்னா நீட்டிச்சுத் தரேன்.”

“கிளம்பினப்புறம் எனக்கு எதுக்கு அத்தான்?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செய்தித்தாளைப் பாதி படித்த நிலையில் அப்பா இறந்தார். வயது ஐம்பத்தெட்டு.

*

அவர் இறந்த அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. அனுமதி கொடுக்க ஆள் இல்லை. ஆபத்து வந்தால் திறப்பதற்கென்று அப்பா ஒரு தனிக் கணக்கு வைத்திருந்தார். அதைத் திறக்க நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். நான்கு பக்கம் என்றதும் எல்லோருக்கும் அலுப்புத் தட்டியது. அவசரம் வேறு வழி கண்டுபிடித்தார். அப்பாவின் பெயரிலேயே உதவி மையத்துக்கு எழுதினார்: ‘என் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். அவசரம்.’ உதவி மையம் இரண்டு நிமிடத்தில் புதியதைக் கொடுத்தது. மறதி மனிதர்களுக்கு வருவதுதானே என்று ஒரு வரியும் சேர்த்திருந்தது. மிச்சமிருந்தது அந்த ஆறு எண்கள். அவை அப்பாவின் கைப்பேசியில் இருந்தன. கைப்பேசி மகளிடம் இருந்தது.

அவசரம் தினமும் கூப்பிட்டார். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு. ஆப்பைத் திறந்தால் மேலே அப்பாவின் பெயர், கீழே ஆறு எண்கள், பக்கத்தில் முப்பது வினாடிக்கு ஒருமுறை தேய்ந்து வளர்கிற ஒரு வட்டம். மகள் படித்துச் சொன்னாள்.

“யாருடி, ஆபீஸா?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள்.

“ஆமாம்மா.”

“இவரு இல்லாம அவங்களுக்கு ஒரு வேலையும் ஓடாது” என்பாள் அம்மா. அதைச் சொல்லும்போது குரலில் தெம்பு இருக்கும். கைப்பேசிக்கு சார்ஜ் போடுகிற வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டாள். நான்கு மணி அழைப்புக்குப் பிறகு டீ போடுவாள். அப்பா இருக்கும்போது அவர் நான்கரைக்கு அலுவலகத்தில் குடிப்பார். இவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் குடித்தார்கள். மகள் தன் அலுவலகத்துக்கு விடுப்பை இரண்டு முறை நீட்டித்தாள். செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். எத்தனை தப்பு என்று எண் போட்டுச் சொல்லவும் தெரியும். பன்னிரண்டு மணி ஆனதும் கண் கைப்பேசிக்குப் போனது.

இருபத்திரண்டாம் நாள் அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்தின் கணினி தானாக அனுப்பியது.

‘வாழ்த்துகள்! கடந்த இரண்டு வாரங்களின் மிகச் சிறந்த ஒப்புதல் அலுவலர் நீங்கள்தான். ஒரு விண்ணப்பத்துக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு நாளிலிருந்து நான்கு நிமிடமாகக் குறைந்துள்ளது. நீங்கள் கொடுத்த அனுமதிகள்: 114. மறுத்தவை: 0. உங்கள் வேகம் மற்றவர்களுக்கு முன்மாதிரி.’

கீழே பட்டியல் இருந்தது. மகள் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். லாரிகளுக்கான அனுமதி முதல் நாளோடு முடிந்துவிட்டது. அதன்பின் வந்தவற்றுக்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை. விளம்பரப் பிரிவுக்கு வாடிக்கையாளர் முகவரிகள் முழுவதும். வேலையை விட்டுப் போன இருவருக்குப் பழைய அனுமதி திரும்பவும். பதினைந்தாம் நாள், எம்டிக்கு முப்பத்தேழு கணக்கிலும் முழு அனுமதி. முடிவுத் தேதி என்ற இடத்தில் நூற்றுப் பதினான்கு வரியிலும் ஒரு சிறு கோடு.

ஒவ்வொரு வரியின் முன்னாலும் அப்பாவின் பெயர்.

அவள் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

வரவேற்பு மேசையில் இருந்த பெண், பார்வையாளர் அட்டைக்கு விவரம் கேட்டுத் தட்டினாள். “ஒரு நிமிஷம் மேடம். உங்க அட்டைக்கு உள்ளேயிருந்து ஒப்புதல் வரணும்.”

மகளின் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ‘ஒரு பார்வையாளர் காத்திருக்கிறார். அனுமதிக்கலாமா?’

அவள் அழுத்தினாள்.

“வந்துடுச்சு மேடம்” என்றாள் வரவேற்புப் பெண் மகிழ்ச்சியாக. “இப்பல்லாம் சார் ரொம்ப ஃபாஸ்ட்.”

உள்ளே அவசரமும், ஆட்கள் பிரிவை நடத்துகிற எச்ஆர் மேடமும் இருந்தார்கள். எச்ஆர் மேடம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வா கண்ணு. அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க மேடம். அப்பா கணக்கை ஏன் இன்னும் மூடல?”

எச்ஆர் மேடம் கையை விட்டார். “மூடணும்னா நான் அவரை வேலையை விட்டு எடுத்ததா சிஸ்டம்ல போடணும். காரணம் கேக்குது. ராஜினாமா, ஓய்வு, நீக்கம், இடமாற்றம். நாலுதான் இருக்கு. செத்துப்போறதுக்கு அதுல இடம் இல்ல.”

“அப்ப என்ன போட்டீங்க?”

“இடமாற்றம்னு போட்டு வெச்சிருக்கேன்” என்றார் மேடம் மெல்ல. “எங்கேன்னு கேட்டுச்சு. அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பல.”

“யாரு வேலையை விட்டாலும் அந்த மணி நேரமே கணக்கை மூடணும்னு அப்பா சொல்வாரே.”

“மாசா மாசம் முதல் திங்கக்கிழமை இங்கதான் வந்து உக்காருவாரு. நானூறு பேரையும் ஒவ்வொரு பேரா வாய்விட்டுப் படிப்பாரு. ‘இருக்காரா?’ம்பாரு. நான் ‘இருக்காரு’ம்பேன். இல்லைன்னா கோடு போடுவாரு. எனக்கு வாய் வலிக்கும். இந்த மாசம் யாரும் வந்து படிக்கல, கண்ணு.”

மகள் அவசரத்தின் பக்கம் திரும்பினாள். “அண்ணா, லாரின்னு சொன்னீங்க.”

“முதல் நாள் லாரிதாம்மா. சத்தியமா. அப்புறம் ஆளாளுக்கு வந்து நின்னாங்க. அப்பாகிட்ட கேட்டா தேதி கேப்பாரு. நானும் கேட்டுப் பார்த்தேன். ‘நீ என்ன, குட்டி தேதி சாரா?’ன்னு சிரிச்சாங்க.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு அவரு மாதிரி நிக்க வராதும்மா.”

அப்போது எம்டி உள்ளே வந்தார். மகளைப் பார்த்ததும் முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். நான்கு நாள் முன்பு அவர் ஒரு கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே ஏகப்பட்ட படங்கள். யாரோ கிறுக்கியதுபோல் இருந்ததால் குப்பை என்று நினைத்து மொத்தமாக அழித்துவிட்டார். அவை சரக்கைப் பெற்றுக்கொண்டவர்கள் போட்ட கையெழுத்துகள். இரண்டு வருடத்துக் கையெழுத்து. திங்கட்கிழமை வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள்.

“இறந்தவரைப் பத்திப் பேசக்கூடாதுதான்” என்றார் எம்டி. “ஆனா அவரு எனக்கு இந்த அனுமதியைக் கொடுத்திருக்கவே கூடாது. ரெக்கார்டுல அவரு பேருதானேம்மா இருக்கு? நான் இல்லாததைச் சொல்லல.”

அவசரம் நாற்காலியை மகள் பக்கம் நகர்த்தினார்.

“அந்த வரியை அழிச்சிடலாம்மா” என்று அவசரம் அவள் காதருகே சொன்னார். “யாருக்குத் தெரியப்போகுது?”

“அழிக்க முடியாதுண்ணா.” முப்பத்தேழு கணக்கிலும் யார் என்ன செய்தாலும் அது முப்பத்தெட்டாவதாக ஒரு கணக்கில் போய் விழும்படி அப்பா செய்திருந்தார். அங்கே எழுதத்தான் முடியும், அழிக்க முடியாது. அவரே நினைத்தாலும் முடியாது. அப்படிப் பூட்டி முடித்த நாளில் வீட்டுக்கு இனிப்பு வாங்கி வந்திருந்தார். அந்தப் பூட்டுக்குள் இப்போது அவர் பெயர் மாட்டியிருந்தது.

“படிவத்தை எடுங்க” என்றாள் மகள். “நாலு பக்கம்.”

ஆபத்துக் கணக்கின் கடவுச்சொல்லை அப்பா இரண்டாக வெட்டி இரண்டு உறையில் வைத்திருந்தார். ஒரு பாதி எச்ஆர் மேடத்தின் இரும்பு அலமாரியில். இன்னொரு பாதியை யாரிடம் கொடுத்தார் என்று படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதுவரை யாரும் மூன்றாம் பக்கத்துக்குப் போனதில்லை. அது வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிறவரிடம் இருந்தது. அவர் கணினியைத் தொடமாட்டார். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நம்பினார்.

“அதனாலதான் எங்கிட்ட கொடுத்தேன்னாரு” என்றார் எடைக்காரர், சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தபடி. பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தார். “அஞ்சு வருஷமா கேப்பீங்க கேப்பீங்கன்னு பாக்கறேன்.”

படிவம் நிரப்ப இருபத்தைந்து நிமிடம் ஆனது. மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அந்த நிறுவனத்து ஆள் இல்லை. விசைப்பலகையைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. அவள் சொல்லச் சொல்ல அவசரம் தட்டினார். நூற்றுப் பதினான்கு அனுமதிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார்கள். அழிந்த படங்களின் நகல் தொண்ணூறு நாளைக்கு வேறொரு கணக்கில் தங்கும்படி அப்பா செய்திருந்ததால் கையெழுத்துகள் திரும்பி வந்தன. இனி ஒரு அனுமதிக்கு இரண்டு பேர் ஒப்ப வேண்டும் என்று மாற்றினார்கள். எம்டி, “அப்ப எனக்கு?” என்றார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக அப்பாவின் கணக்கு. மூடவா என்று கேட்டது. அவசரம் மகளைப் பார்த்தார். அவள் கைப்பேசியைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

“மூடுங்கண்ணா.”

அவர் அழுத்தினார்.

*

ஆனால் நூற்றுப் பதினான்கு வரிகள் அங்கேயே இருந்தன. திரும்ப எடுத்தது தனி வரியாக விழும்; கொடுத்தது கொடுத்ததுதான். அப்பாதான் கொடுத்தார் என்றுதான் யார் படித்தாலும் படிப்பார்கள்.

மகள் சம்பவ அறிக்கைக்கான தாளைக் கேட்டாள். பேனாவால் எழுதினாள்.

‘இந்தப் பட்டியலின் முதல் அனுமதிக்கு ஒன்பது நாள் முன்பே இவர் இறந்துவிட்டார். அவர் கைப்பேசியில் வந்த எண்களைப் படித்துச் சொன்னது நான். இது தவறு என்று எனக்குத் தெரியும்; இதைச் செய்யக்கூடாது என்று பாடம் நடத்துவது என் வேலை.’ கீழே தன் பெயரையும் தன் நிறுவனத்தின் பெயரையும் எழுதினாள்.

அடுத்த கட்டம், மூலகாரணம். பேனா அங்கே நின்றது.

“செயல்முறைக் குறைபாடுன்னு போடும்மா” என்றார் அவசரம். “எல்லாரும் அதான் போடுவாங்க. யாருக்கும் வலிக்காது.”

அவள் எழுதினாள்: ‘கைப்பேசி அதிர்ந்தபோது அப்பா வேலையில் இருப்பதுபோல் இருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.’

அவசரம் படித்தார். இன்னொரு முறை படித்தார். “இதைத் தணிக்கைக்காரங்க படிப்பாங்களேம்மா.”

“படிக்கட்டும்.”

“உன் ஆபீஸுக்குத் தெரிஞ்சா?”

“தெரியணும். ஒரு நகல் நானே அனுப்பறேன்.”

அவர் பேனாவை வாங்கி, அவள் எழுதியதற்குக் கீழே எழுதினார்: ‘எண்களைக் கேட்டது நான். இறந்தவர் பெயரில் கடவுச்சொல் வாங்கியதும் நான்.’ எச்ஆர் மேடம் தன் பங்குக்கு, ‘இடமாற்றம் என்று பதிந்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை எம்டியிடம் நீட்டினார்கள். அவர் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தாளைத் தொடாமலே கிளம்பிப் போனார்.

திங்கட்கிழமை வந்த தணிக்கைக்காரர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார்கள். எழுபது பக்கத்தில் நிறுவனத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மகளின் நிறுவனம் அவளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரித்தது. ஒரு வருடம் வகுப்பெடுக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தது. அவள் அதை எதிர்க்கவில்லை.

அவசரம் ஒருநாள் கூப்பிட்டு, தணிக்கை அறிக்கையில் அப்பாவைப் பற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டினார். நூற்றுப் பதினான்கும் அவருடையவை அல்ல என்று அதில் இருந்தது. ஆவணப்படி அவர் கடைசியாகச் செய்த காரியம், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு. விளம்பரப் பிரிவு பத்தாவதாக ஒரு கணக்கு கேட்டிருந்தது. வேண்டாம் என்று ஒரு வரி. ஏன் வேண்டாம் என்று பதினோரு வரி.

“அந்தப் பதினோரு வரியையும் படிங்கண்ணா” என்றாள் மகள்.

அவர் படித்தார். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்று கேட்டாள்.